முட்டை, கொக்கி, முட்டை

பழைய பட்டாள லாரிகளைப் புதுப்பிக்கும் பட்டறையில் எண் எழுதுவது என் வேலை. லாரியில் அசலாக என்ன எழுதியிருந்தது என்பது லாரியை வாங்கியவருக்கு மட்டும் எப்போதும் என்னைவிட நன்றாகத் தெரியும். "அப்படியே அசலா வேணும்" என்று ஆரம்பித்து, அசலில் இல்லாததை எல்லாம் போடச் சொல்கிறவரிடம் நீங்களும் வேலை பார்த்திருந்தால், என் பக்கத்தில் வந்து உட்காரலாம்.

நட்சத்திரம்

சிங்கப்பூரிலிருந்து சனிக்கிழமைதோறும் பாலம் கடந்து எங்கள் பட்டறைக்கு வருவார் மாணிக்கம் சார். அவருடையது ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே மலாயாவில் ஓடிய பிரிட்டிஷ் லாரி. பானட்டின் பக்கவாட்டில் 'எல்' எழுத்தும் எண்ணும் வெள்ளையில் எழுதி முடித்திருந்தேன். கதவில் பெரிய வெள்ளை நட்சத்திரம் வேண்டும் என்றார். அந்த வழக்கம் பின்னால் வந்தது, இந்த லாரி இங்கே ஓடியபோது நட்சத்திரம் கிடையாது என்றேன். என் குரல் பட்டறைச் சத்தத்தில் எடுபடாது. மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. பழைய படங்களையும் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினார்.

"நீ சொல்றது சரிதான் தம்பி. ஆனா நட்சத்திரம் இல்லாட்டி, எம் பொண்ணு கல்யாண போட்டோவுல இது குப்பை லாரி மாதிரி தெரியும் லா."

கோணல்

பொந்தியானில் கடலுணவுக் கடை வைத்திருக்கிற சுகுமாறன் அண்ணன் தன் லாரியைக் கடைவாசலில் நிறுத்தப் போவதாகச் சொன்னார். யுத்த அவசரத்தில் எவனோ ஒரு சிப்பாய் தூரிகையால் எழுதிய எண் அது. பழைய படத்தில் மூன்று கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஏழின் கால் வழிந்திருக்கும். அந்தச் சாய்வையும் வழிசலையும் கொண்டுவர எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நேராக எழுதுவது எளிது, அடுத்தவன் கோணலை எழுதுவதுதான் பாடு. அவர் வந்து பார்த்தார். பட்டறை முதலாளி சேவியர் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, உங்க பையன் குடிப்பானா என்று கேட்டார்.

மறுநாள் ஸ்டிக்கர் கடையில் வெட்டிய எண்ணைக் கொண்டுவந்து அவரே ஒட்டினார். லாரியின் எண்கூட இல்லை, அவருடைய காரின் எண். தள்ளி நின்று ரசித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இதுதான்பா அசல். பாரு, எவ்வளவு நேரா இருக்கு!"

மெஷின்

இது என் தப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லாரியின் பின்கதவைத் தேய்ப்பு மெஷினால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெயின்ட் அடுக்கடுக்காகப் பறந்தது. திடீரென்று வெள்ளையில் ஒரு வட்டம் தெரிந்தது. கையை எடுப்பதற்குள் வெறும் தகரம்தான் மிச்சம்.

அந்த வட்டம் எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். லாயாங் லாயாங் என்ற ஊரில் இருக்கும் என் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது, அவருடைய அண்ணனை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட எஸ்டேட்டிலிருந்து லாரியில் ஏற்றிப்போனார்கள். தாத்தா பின்னாலேயே ஓடினார். எழுத்தோ எண்ணோ தெரியாது. பின்கதவில் பார்த்ததை உருவமாக மனதில் வைத்துக்கொண்டார். ஒரு முட்டை, ஒரு கொக்கி, மறுபடி ஒரு முட்டை. அண்ணன் திரும்பி வரவில்லை. இந்தக் கதையைக் கேட்டுக்கேட்டுத்தான் நான் சோறு தின்று வளர்ந்தேன். இந்த வேலைக்கு வந்ததும் அதனால்தான். அந்த லாரியை எப்படியாவது பார்த்துவிட வேண்டும்.

மெஷினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சேவியர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "அலமாக், பழைய பெயின்ட்டைத்தானடா எடுத்தே? யாரோ செத்த மாதிரி உக்காந்திருக்கே!"

அதற்குப்பிறகு நான் மெஷினைத் தொடுவதில்லை. தண்ணீர், உப்புத்தாள், கை.

பெக்கோக் லாரி

போன மாதம் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர், பெக்கோக் பக்கத்துத் தோட்டத்துக் கொட்டகையில் கிடந்த லாரியைப் பழைய வண்டிகள் ஊர்வலத்தில் ஓட்டுவதற்காக வாங்கி அனுப்பினார். பின்கதவைக் கையால் தேய்க்க ஆரம்பித்தேன். மேலே தோட்டத்துப் பச்சை பெயின்ட். அதற்குக் கீழே சாம்பல் நிறம். மூன்றாம் நாள் அதற்கும் கீழே ஒரு வெள்ளை முட்டை வந்தது. பக்கத்தில் ஒரு கொக்கி. அதற்கப்புறம் துரு தின்ற ஓட்டை, உள்ளங்கை அகலம்.

முதல் வேலையாக ஒரு தாளை வைத்துப் பென்சிலால் நகலெடுத்தேன். பிறகு டத்தோவிடம், பின்கதவை மட்டும் இப்படியே விட்டுவிடலாமா, மேலே வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்று கேட்டேன். ஏன் என்றார். தாத்தா கதையைச் சொன்னேன். போனை எடுக்காமல், குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். அந்த ஒரு நிமிடம் நம்பிவிட்டேன்.

"தம்பி, எங்க தாத்தாவும்தான் சயாமுக்குப் போனாரு. அதையெல்லாம் ஊர்வலத்துல ஓட்டிக் காட்டவா முடியும்? தேய்ச்சிடு."

நானேதான் தேய்த்தேன். வேறு யார் கையிலும் கொடுக்க மனம் வரவில்லை. ஓட்டையை அடைத்து, அவர் எழுதிக் கொடுத்த எண்ணை, எண் வெட்டிய அச்சுத்தகடு வைத்து நேராக அடித்தேன்.

நகல்

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை லாயாங் லாயாங்குக்கு எடுத்துப் போனேன். தாத்தாவுக்குத் தொண்ணூறு ஆகிறது, கண் மங்கல். அவருடைய விரலைப் பிடித்துப் பென்சில் கோட்டின் மேல் வைத்தேன். முட்டையைச் சுற்றி வந்தார். கொக்கியில் இறங்கினார்.

"அப்புறம்?"

"அப்புறம் துரு தின்னுருச்சு தாத்தா. அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

"லாரி?"

"புது பெயின்ட் அடிச்சாச்சு. நல்லா ஓடுது. அடுத்த வாரம் ஊர்வலத்துல வருது."

விரலை மறுபடி முட்டைக்கே கொண்டுபோனார். பிறகு சொன்னார்: "அண்ணனுக்குத் தெரியாத வழி லாரிக்குத் தெரிஞ்சிருக்கு, பாரு. அது மட்டும் வந்துருச்சு."

இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: அசல் கண்ணில் பட்டால் சத்தமில்லாமல் ஒரு தாளில் எடுத்துக்கொண்டு, லாரியில் வாடிக்கையாளர் சொன்னதை எழுதிவிட வேண்டும்.