முனியாண்டி வாசலிலிருந்து ஒரு எறி

பினாங்கின் ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில் பறக்கும் தட்டு எறிந்து விளையாடுகிறோம். ஓடை, மூங்கில் புதர், டுரியான் தோப்பு என்று வழி மாறிக்கொண்டே போகிறது. மரங்களில் தொங்கும் தகர வாளிகள்தான் இலக்கு. என் இரண்டு தட்டுகள் பள்ளத்தில் போய்விட்டன. கடைசித் தட்டு முனியாண்டி கோயில் வாசலில் விழுகிறது. தட்டு விழுந்த இடத்திலிருந்துதான் அடுத்த எறி. சாமி இடத்தில் நின்று விளையாடுவதா? ஆட்டம் முடிந்தது என்று நிற்கிறேன்.

"ஏன் முழிக்கிறீங்கண்ணே? சப்பாத்தக் கழட்டிட்டு அங்கேருந்தே எறிங்க லா. எங்க ரூல் அதான்," என்கிறார் உடன் ஆடும் டீச்சர் செல்வி.

"சாமி கோவிச்சுக்காதா?"

"உங்க எறியப் பாத்து சிரிக்காம இருந்தா சரி."

வெறுங்காலில் நிற்கிறேன். காலையிலிருந்து சப்பாத்துக்கு வழுக்கிய செம்மண் இப்போது கால்விரல்களைப் பிடித்துக்கொள்கிறது. எறிந்த தட்டு ஓடையைத் தாண்டி வாளிக்குள் விழுகிறது.

"அடுத்த வாளிக்கு வாங்கண்ணே!"

"ஒரு நிமிஷம் செல்வி, இந்த மண்ணுல கொஞ்சம் நின்னுக்கிறேன்."