அனுஷத்துக்குச் சொன்ன ஜபம்

அந்த வரி இன்னும் என் போனில் இருக்கிறது. சாருடைய பெயர், அனுஷ நட்சத்திரம், ஆயுள் ஆரோக்கியம் வேண்டி, தினம் நூற்றெட்டு முறை. வாட்ஸ்அப் குழுவுக்கு அதை அனுப்பியவள் நான்தான். கழக்கூட்டத்தில் இருக்கும் என் ஆபீஸில் மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோது, போனை மேஜைக்கு அடியில் வைத்துத் தட்டினேன்.

சார் கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவர். கரமனையில் ஆற்றுக்குப் போகும் தெருவில் வீடு. ஞாயிறு காலைகளில் எங்கள் பதினைந்து பேருக்கு உபநிஷதம் சொல்வார். யாராவது குரு என்று வாய் தவறிச் சொன்னால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "நான் வெறும் வாத்தியாராக்கும். போர்டும் சாக்பீஸும் இல்லே, அவ்வளவுதான்" என்பார். கல்யாணம் முறிந்து, யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் இருந்த நாட்களில் நான் அந்த வீட்டுக்குப் போனேன். சாரும் சரி, அவர் மனைவி மாமியும் சரி, என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம், ஞாயிறு என்றால் எனக்கு அந்த வீடுதான். ஆகவே இதயத்தில் மூன்று அடைப்பு, ஆபரேஷன் செய்யாமல் முடியாது, இந்த வயதில் உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆபரேஷனுக்குப் பதினொரு நாள் இருந்தது. அதுவரை எல்லோரும் மிருத்யுஞ்ஜய ஜபம் செய்வது என்று முடிவாயிற்று. ஜபத்துக்கு முன்னால் சங்கல்பம் உண்டு. யாருக்காகச் செய்கிறோமோ அவர் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். பதினைந்து பேரில் ஒருவருக்கும் சாரின் நட்சத்திரம் தெரியவில்லை. மாமியிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோகிற விஷயம். ஆனால் இத்தனை வருஷம் அந்த வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு இதைப் போய்க் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. நேரே கோயில் அர்ச்சகர் போத்தியிடம் போனேன். அவர் பூஜை பாத்திரங்களைக் கழுவியபடியே சொன்னார்: "சார் அனிழமல்லோ. மாசாமாசம் அவர் பேரில் புஷ்பாஞ்சலி உண்டே." மலையாளத்தில் அனிழம் என்றால் நமக்கு அனுஷம்; புஷ்பாஞ்சலி என்றால் பெயரும் நட்சத்திரமும் சொல்லிச் செய்கிற பூ அர்ச்சனை. அப்பாடா என்று குழுவில் போட்டுவிட்டேன்.

எனக்கு மந்திரத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதினொரு நாளும் நம்புகிறேனா இல்லையா என்று யோசிக்கவே தோன்றவில்லை. பஸ்ஸில் சொன்னேன், லிஃப்டில் சொன்னேன், சோறு வடிக்கும்போது சொன்னேன். அவர் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிழைத்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு எல்லோரும் மறுபடி கூடினோம். சார் மார்போடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். எப்படியெல்லாம் ஜபம் செய்தோம் தெரியுமா என்று பெருமையாக சங்கல்பத்தை முழுக்கச் சொல்லிக் காட்டினேன். காபித் தட்டோடு வந்த மாமி அப்படியே நின்றுவிட்டார்.

"அனுஷமா? அனுஷம் நானாக்கும். இவர் பூரட்டாதி."

பதினைந்து பேர் உருகி உருகிச் சொன்னதெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்ததோ! சார் தலையணையை இறுக்கிக்கொண்டு வலிக்க வலிக்கச் சிரித்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. முப்பது வருஷமாக அனுஷம்தோறும் பேப்பர் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கோயிலில் மாமிக்காகப் புஷ்பாஞ்சலி செய்துவிட்டு வந்திருக்கிறார். கவுண்டரில் நட்சத்திரத்தை மட்டும் சொல்வாராம். தெரிந்த மனிதர் என்று அவர்களாகவே அவர் பெயரை எழுதிக்கொள்ள, அவரும் திருத்தவில்லை.

"போட்டும், ரெண்டு பேருக்கும் ஒரே அட்ரஸ்தானே" என்றார் என்னைப் பார்த்து.

மாமி சிரிக்கவில்லை. "மாசாமாசம் எனக்கா? ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்றார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு சார் நான்கு வருஷம் இருந்தார். ஒரு நாள் காலை குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அனுஷத்துப் புஷ்பாஞ்சலி நின்றுபோகக் கூடாது என்று நான் எடுத்துக்கொண்டேன். மாமியிடம் சொல்லவில்லை. போன மாதம் போத்தி சொல்லித் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் போனதும் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி, நீங்க பதினஞ்சு பேரும் சேர்ந்து என்னைப் பிடிச்சு வெச்சது போறாதா? எண்பத்துமூணு வயசு. ஒரு ஜலதோஷம்கூட வரமாட்டேங்கறது. அவர் இல்லாத ஆத்துல நான் ஒருத்தி எதுக்கு? போறும். இனிமே எனக்குப் புஷ்பாஞ்சலி கழிக்காதே, கேட்டியா?"

சரி மாமி என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

இந்த மாதம் அனுஷம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஆபீஸ் பஸ்ஸை விட்டுவிட்டுக் கோயில் கவுண்டரில் போய் நின்றேன். மாமியும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போவேன்?