கரைவலைக்குப் போட்ட கப்பி

இரண்டாம் உலக யுத்த காலத்தில் எங்கள் ஊரான சல்லிக் கரையில் மீனுக்குக் குறைவில்லை. அதை இழுக்க ஆள்தான் இல்லை. கைகால் உரமான ஆண்பிள்ளைகள் எல்லாரும் திருகோணமலையில் கடற்படையின் கப்பல்துறையான டொக்யாட்டுக்குப் போய், கண்ணால் காணாத ஓர் அரசருடைய கப்பல்களில் துரு சுரண்டிக்கொண்டிருந்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். ஆனால் எனக்கு ஆங்கிலம் இருந்த அளவுக்குத் தோள் இருக்கவில்லை. ஆகவே சுரண்டுகிற வேலைக்கு விடாமல் இயந்திரப் பட்டறையில் வைத்திருந்தார்கள்.

என் தாய்மாமனுக்கு ஒரு கரைவலை இருந்தது. கரைவலை பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு, தோணி வலையைக் கடலுக்குள் அரைவட்டமாகப் போட்டுக்கொண்டு போகும்; மற்ற நுனியைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுவந்து கரை சேர்க்கும். பிறகு இரண்டு பக்கமும் சனம் நின்று இழுக்க, நடுவில் பைபோல இருக்கும் மடிக்குள் மீன் வந்து சேரும். கயிற்றில் கைவைத்த எவருக்கும் மீனில் பங்குண்டு. கிழவியாக இருக்கலாம், கோயிலுக்குப் போகும் வழியில் நின்றவராக இருக்கலாம், கை பட்டால் பங்கு. அதனால் முன்பெல்லாம் பிடிக்கக் கயிறு போதாமல் போகுமே தவிர ஆள் போதாமல் போகாது. அதற்கு முந்தின வருஷம் குண்டு விழுந்து ஊரே ஓடித் திரும்பி வந்தபோது, கரையில் மிஞ்சியது கிழவிகளும் இருமல்காரரும்தான். போதாக்குறைக்குக் கடற்படை கரை நெடுகலும் முள்ளுக்கம்பி அடித்து, விடிந்து கொஞ்ச நேரம் மட்டும் வலை போட விட்டது. காவல் படகு ஊதினால் கடலில் ஒரு முழக் கயிறும் மிதக்கக் கூடாது.

மாமாவுக்கு ஒரே மகள். என் அம்மாவும் பெரியம்மாவும் மாமாவின் அக்காமார். எனவே அந்தப் பெண்ணுக்கு முறைமாப்பிள்ளைகள் இரண்டு பேர்: ஒருவன் நான், மற்றவர் பெரியம்மாவின் மகன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், ஒரே பட்டறையில் வேலை செய்தவர், ஒரே சைக்கிளில் என்னை முன்னுக்கு இருத்தி மிதித்துக்கொண்டு போனவர். அவள் யாருக்கு என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. எனக்குக் கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நான் சொல்லும் பகிடிகளுக்கு அந்தக் குடும்பத்தில் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான். அதைவிடப் பெரிய சம்மதம் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா, சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"இருக்கிற சனத்தோட இந்த வலையைக் கரையேத்தித் தாறவன் ஆரோ, அவனுக்குத்தான் என்ர வலையும், என்ர பிள்ளையும்."

பழைய காலத்து ராசாக்கள் வில்லை வளைக்கச் சொல்வார்களாம். எங்கள் மாமாவிடம் வில் இல்லை.

அந்த நாளில் பட்டறையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்கு வகுப்பு நடத்தினார். நெம்புகோல், கப்பி, பற்சக்கரம், எஞ்சின் என்று ஒவ்வொன்றாகக் கரிக்கட்டியால் சுவரில் கீறி விளக்குவார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். கப்பிப் பாடத்தன்று அவர் சொன்னதை நான் நல்ல உரத்த குரலில், வேண்டிய அபிநயங்களோடு சொன்னேன்: "நாலு தரம் கயிறு ஓடுற கப்பியைப் போட்டால், நாலு பேர் இழுக்கிறதை ஒருத்தர் இழுக்கலாம். விசையில லாபம். ஆனால் நாலு முழம் கயிறு இழுத்தால்தான் பாரம் ஒரு முழம் வரும். தூரத்தில நட்டம்." சொல்லும்போதே எனக்கு மாமாவின் வலை தெரிந்தது. லாபம் என்ற சொல்லுக்குப் பிறகு நான் சொன்னவை என் வாயால் வெளியே போனவை மட்டும்தான், காதால் உள்ளே வரவில்லை. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது ஒரு தொழில் நோய்.

அன்று மாலையே அண்ணையிடம் திட்டத்தைச் சொன்னேன். அவர் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு நிதானமாகக் கேட்டார். நல்ல யோசனை என்றார். மாமாவிடம் தானே கதைப்பதாகச் சொன்னார். கழித்துப் போட்டிருந்த சாமான்களுக்குள் இரண்டு பெரிய மரக்கப்பிகளை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கித் தந்தவரும் அவர்தான். நான் கீறிய படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கொளுக்கி மட்டும் இன்னும் கொஞ்சம் தடிப்பாக இருக்கட்டும் என்று திருத்தினார். அந்தத் திருத்தத்தை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. முழு ஏற்பாடும் பிழை என்று தெரிந்த ஒருவர் கொளுக்கியில் காட்டிய அக்கறை அது.

வைகாசி மாதத்து ஒரு காலையில் ஊரே கரைக்கு வந்தது. ஒரு பழைய நங்கூரத்தை மணலில் ஆழப் புதைத்து, ஒரு கப்பியை அதில் கட்டி, மற்றதை வலைக் கயிற்றில் கொளுவினேன். இருந்தது ஒரு சோடிதான். அதனால் ஒரு பக்கத்துக்குக் கப்பியும் நாலைந்து கிழவிகளும், மற்றப் பக்கத்துக்கு மிச்சச் சனம் முழுவதும். அண்ணை தான் தோணியில் போவதாகச் சொல்லியிருந்தார். "கரை உன்ர பொறுப்பு, தம்பி," என்றார். பெருந்தன்மை என்று நினைத்தேன்.

முதல் இழுவையில் கிழவிகள் சிரித்தார்கள். அவ்வளவு லேசாகக் கயிறு வந்தது. நானும் சிரித்தேன். மாமாவின் மகள் கூடையோடு நின்று சிரித்தாள். அம்பாப் பாட்டைத் தொடங்கினார்கள். கரைவலை இழுக்கும்போது பாடும் பாட்டு அது. ஓர் அடிக்கு ஒரு எட்டுப் பின்வாங்க வேண்டும். கிழவிகள் ஒரு பாட்டு முழுவதும் பாடித் தென்னைகளைத் தாண்டிப் போய்விட்டார்கள். திரும்பிப் பார்த்தால் வலை நின்ற இடத்தில்தான் நின்றது. இன்னும் இழுக்க, இரண்டு கப்பிகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. இனிக் கயிற்றை ஒருவர் பிடித்துக்கொள்ள, கொளுக்கியைக் கழற்றி, கப்பியைக் கடல் வரைக்கும் இழுத்துக்கொண்டுபோய், மறுபடி கொளுவ வேண்டும். டொக்யாட்டில் கொதிகலனைத் தூக்கும்போதும் இப்படித்தான் செய்வோம். கொதிகலன் அதுவரைக்கும் பொறுமையாகத் தொங்கும். மீனுக்கு அப்படியான பழக்கம் இல்லை.

மற்றப் பக்கத்துச் சனம் தங்கள் பாட்டில் இழுத்துக்கொண்டு வந்தது. வலை, வாதம் வந்தவரின் வாய்போல, ஒரு பக்கம் கோணியது. கோணிய பக்கத்தால் பாரை மீன் கூட்டம் ஒன்று வெயிலில் மினுங்கிக்கொண்டு, அவசரம் எதுவும் இல்லாமல், வெளியே போனதை எல்லாரும் பார்த்தோம். காவல் படகு ஊதியது. கப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு எல்லாருமாக ஓடி இழுத்தார்கள். மடிக்குள் சொறிமுட்டை என்கிற இழுதுமீனும் சில நண்டுகளும் கிடந்தன.

மாமா ஏசவில்லை. சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு, "பரவாயில்லைத் தம்பி, நீ படிச்ச பிள்ளை," என்றார். அதை ஏச்சு என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்த கிழமையே அண்ணை எஞ்சின் கொண்டுவந்தார். டொக்யாட்டில் உடைந்த மோட்டர்ப் படகிலிருந்து கழற்றிப் பழைய இரும்பு விலைக்கு விற்றது, மண்ணெண்ணெயில் ஓடும். அதற்கு ஓர் உருளை பூட்டி, உருளையில் வலைக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி ஓடவிட்டார். ஒரு பக்கத்தில் சனம், மறு பக்கத்தில் எஞ்சின். எஞ்சின் பக்கம் சனத்தை முந்தாமல் இருக்க அதை அவர் அடக்கி ஓட்ட வேண்டியிருந்தது. பாட்டு முடிய வலை கரையில் கிடந்தது. மடி தூக்க முடியாத பாரம். எஞ்சினுக்குக் கை இல்லாவிட்டாலும் கயிற்றில் பட்டதுதானே என்று, அதற்கும் பங்கு ஒதுக்கினார் மாமா.

என் குணத்தை நான் மறைக்கவில்லை. அன்றைக்கு மாமாவின் வாக்கையும் மறந்து, உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். கூட்டத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு விளக்கினேன்: விசை என்பது வேறு, வலு என்பது வேறு. எவ்வளவு பாரத்தை அசைக்கலாம் என்பது விசை, அதே வேலையை எவ்வளவு கெதியாக முடிக்கலாம் என்பது வலு. கப்பி விசையைத் தரும், வலுவைத் தராது. வலு வேண்டுமென்றால் எங்கேயாவது ஏதாவது எரிய வேண்டும். அண்ணை பழந்துணியால் கையைத் துடைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியபின் மாமி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்து, கதையோடு கதையாகச் சொன்னார்.

"அப்பாடா, இனி எங்கட கொட்டில் எனக்கு வெறுமையாகும். பங்குனியில இருந்து அந்த எஞ்சின் அடைச்சுக்கொண்டெல்லே கிடந்தது. உன்ர கப்பி விளையாட்டு முடியட்டும், பிறகு எடுப்பம் எண்டவன் உன்ர அண்ணன். மாமாவும் ஓமெண்டவர், நீ மனம் நோவாய் எண்டு."

தேத்தண்ணி நல்ல சூடு. நான் அதைக் குடித்து முடித்தேன்.

அடுத்த நாள் பட்டறைக்குப் பின்னால், மணலும் மண்ணெண்ணெயும் போட்டுக் கைகழுவிக்கொண்டிருந்த அண்ணையிடம் போனேன்.

"கப்பி சரிவராது எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ, அண்ணை?"

"நீதானே சொல்லித் தந்தனி. தூரத்தில நட்டம் எண்டு. சத்தமாச் சொன்னனி."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் விரலிடுக்கில் இருந்த கரியைத் தேய்த்தார். "சொல்லியிருந்தால் நீ திருத்தியிருப்பாய்."

"எஞ்சினை நேராக் கொண்டுவந்திருக்கலாமே?"

"கொண்டுவந்தால் அதையும் நீதான் விளங்கப்படுத்தியிருப்பாய். சனம் உன்னைத்தான் பாத்திருக்கும். நீ கெட்டிக்காரன் தம்பி. உன்னோட ஓடி வெல்ல என்னால ஏலாது. ஒருக்கா நீ விழவேணும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்திருப்பேன். எஞ்சினில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சொல்கிறவரைப் போலச் சொன்னார். அதில் என்னைப் புகழ்ந்த பங்கும் இருந்ததால் எங்கே அடிப்பது என்று தெரியவில்லை. அன்று மாலை அதே சைக்கிளில், அதே இடத்தில் இருந்துதான் வீட்டுக்குப் போனேன். நடந்து போகிற தூரம் இல்லை.

அம்மா மாமா வீட்டுக்குப் போய் எனக்காகப் பெண் கேட்டுப் பார்த்தாள். மாமா தன் வாக்கைச் சொன்னார். வலையைக் கரையேற்றியவன் யார் என்று ஊருக்கே தெரியும்.

எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. மாமாவும் மாமியும் அண்ணையும் சேர்ந்து மறைத்தார்கள், அவளுக்குத் தெரிந்திருக்காது. ஒருநாள் வேலிப் பக்கம் கண்டபோது கேட்டேன்.

"உனக்கும் தெரியுமோ?"

"ஓம் மச்சான்." அவள் குனிந்து வேலியில் கிடந்த ஓலையை முறித்தாள். "நீங்கள் வாற சைக்கிள் மணி கேட்டால், ஓடிப்போய் எஞ்சினுக்கு மேல சாக்குப் போட்டு மூடுறது நான்தான்."

நான் வரும்போதெல்லாம் அவள் எழும்பிக் கொட்டிலுக்குள் ஓடுவதுண்டு. வெட்கம் என்று நினைத்து அதில் எத்தனையோ இரவுகள் சந்தோஷமாக நித்திரை கொண்டிருக்கிறேன்.

"அப்ப என்ர பகிடிக்குச் சிரிச்சது?"

"அது உண்மையாத்தான் சிரிச்சனான்," என்றாள். பொய் சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. இருட்டடிப்புச் சட்டம் இருந்ததால் இரவில் விளக்கு ஏற்ற ஏலாது. முகூர்த்தத்தை நடுப்பகலுக்கு வைத்தார்கள். இரவுக் கல்யாணம் என்றால் தூணுக்குப் பின்னால் நின்று, தாலி கட்டும் நேரத்தில் முகத்தை எப்படியாவது வைத்துக்கொள்ளலாம். நடுப்பகலில், முற்றத்து வெட்டவெளியில், முன்வரிசையில் மாமா என்னைத் தன் பக்கத்தில் இருத்தியிருந்தார். ஆவணி வெயில் நேரே முகத்தில் அடித்தது. கண் கலங்கியதற்கு வெயிலைச் சாட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் அதை நம்பி, எனக்கு ஒரு குடை கொண்டுவரச் சொன்னார்கள்.