ஒன்பது கொழுக்கட்டை

ஆண்கள் நன்றாக இருக்கவேண்டும் என்பதற்காகப் பெண்கள் நோற்கிற நோன்பு ஒன்று எங்கள் பக்கம் உண்டு. அதில் முக்கியமான விதி, ஆண்கள் ஒருவரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது. ஆடிச் செவ்வாயில் வருகிற ஔவையார் நோன்புதான் அது. நோன்புக் கொழுக்கட்டையை ஆண்கள் தின்னக் கூடாது, பார்க்கக் கூடாது, அது வேகிற வாசனைகூட அவர்கள் மூக்கில் ஏறக் கூடாது. தொட்டிலில் கிடக்கிற பிள்ளை ஆணாக இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு போய் வேறு வீட்டில் விட்டுவிட்டுத்தான் மாவு இடிக்கத் தொடங்குவார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மை கடுவன் பூனையைக்கூட அடுக்களையை விட்டு விரட்டுவாள்.

மற்ற ஊர்களில் இதை ராத்திரி, ஆண்கள் உறங்கிய பிறகு செய்வார்கள். எங்கள் தெருவில் மட்டும் பகல் நோன்பு. எப்போதோ ஒரு வருடம் யாரோ ஒரு பெரியவர் ராத்திரியில் எழுந்து, தூக்கக் கலக்கத்தில் நேராக நோன்பு நடக்கும் அறைக்குள் நடந்து வந்துவிட்டாராம். அவருக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று பெரியம்மை சொல்வாள். அவருக்கு அப்போது எழுபது வயது என்பதை மட்டும் சொல்லமாட்டாள். அதிலிருந்து, ஆண்கள் வயலுக்கும் கடைக்கும் போயிருக்கிற பகல்தான் பத்திரம் என்று தெருப் பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். அரிசிக்குக் கட்டுப்பாடு. நெல் விளைகிற எங்கள் ஊரிலேயே ராத்திரிக் கஞ்சியில் பருக்கையைவிட மரச்சீனிக் கிழங்குதான் அதிகம் கிடந்தது. அந்த வருடம் நோன்பு எங்கள் வீட்டில் நடந்தது. காரணம் என் அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மார்த்தாண்டத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த மாமாவுக்கு அவளைக் கட்டிக் கொடுத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அந்தத் தை மாதத்தில் மாமா அவளைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் விட்டார். “கொஞ்ச நாளு இங்க இருக்கட்டு” என்றார். காரணம் சொல்லவில்லை. போனவர் போனவர்தான். ஏழு மாதம் ஒரு கடிதம்கூட வரவில்லை. மாமா இரண்டாவதாக ஒருத்தியைப் பார்த்துவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவள் எந்த ஊர், என்ன நிறம் என்பதுவரை சிலருக்குத் தெரிந்திருந்தது.

அப்பா கோபக்காரர் இல்லை, ஆனால் மானம் பார்க்கிறவர். “அவரு நேர்ல வந்து கூப்பிடாம இவ இந்தப் படி இறங்கப்படாது” என்று சொல்லிவிட்டார். அத்தை, அவர் வந்து கூப்பிடவேண்டும் என்று நோன்பைப் பிடித்துக்கொண்டாள். ஆடி முதல் செவ்வாய் போயிற்று, இரண்டாவது போயிற்று. இது மூன்றாவது.

அன்று காலையில் அப்பா நாகர்கோவிலுக்குப் போகும்படி அம்மா ஏதோ ஒரு வேலையை உண்டாக்கினாள். தம்பியைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். முன்வாசல் கதவைத் தாழிட்டார்கள். அம்மா, அத்தை, பெரியம்மை, தெருவில் இன்னும் இரண்டு பேர், அதோடு நான். நோன்புக்கு நான் சேர்த்தி இல்லை என்றாலும் உள்ளே இருக்கலாம். பெண்ணாகப் பிறந்ததில் எனக்குக் கிடைத்த முதல் சலுகை அது.

நனைத்து உலர்த்திய பச்சரிசியை அத்தைதான் உரலில் இடித்தாள். மாவை அரித்து, கொதிக்கிற தண்ணீரை விட்டுக் கிளறி, சூடு ஆறுவதற்கு முன்னாலேயே கையால் பிசைந்தாள். உள்ளங்கை சிவந்துபோயிருந்தது. எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டி, கட்டைவிரலால் குழித்து, சின்னக் கிண்ணம் மாதிரி ஆக்கி, உள்ளே பூரணம் வைத்து வாயை மூடவேண்டும். பூரணம் என்றால் வேகவைத்த சிறுபயறும் தேங்காய்த் துருவலும் மட்டும். நோன்புக் கொழுக்கட்டையில் உப்பு கிடையாது. எங்கள் வீட்டு வழக்கப்படி இனிப்பும் கிடையாது. கருப்பட்டியை அன்று அம்மா தட்டுமுட்டுச் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிடுவாள்.

எனக்கும் ஒரு உருண்டை மாவு தந்தார்கள். நான் பிடித்ததெல்லாம் வாய் பிளந்து பயற்றைக் கக்கியது. “இவளை ஒருத்தன் தலையில கெட்டினா அவன்பாடு திண்டாட்டந்தான்” என்றாள் பெரியம்மை. பானையில் தண்ணீர் வைத்து, அதன்மேல் வைக்கோலைப் பரப்பி, அதில் கொழுக்கட்டைகளை அடுக்கி வேகவைத்தார்கள். வெந்ததும் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். பச்சை மாவைத் தின்பது மாதிரி இருந்தது. எல்லாரும் பார்க்கும்படியாகவே துப்பிவிட்டேன். அத்தை மட்டும் சிரித்தாள்.

படைப்பதற்கு எடுத்தது போக, நோற்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இலையில் இருபத்தொரு கொழுக்கட்டை எண்ணி வைத்து அடுக்களையில் மூடினார்கள். கதை கேட்டு முடிந்த பிறகுதான் அதைத் தின்னவேண்டும். மிச்சம் வந்தால் குளத்தில் போடவேண்டும். அதுவரை அவர்களுக்குப் பச்சைத் தண்ணீர்கூட இல்லை.

நடு அறையில் விளக்கின் முன்னால் உட்கார்ந்து பெரியம்மை கதை சொல்லத் தொடங்கினாள். கதை முடிகிறவரை நோற்கிறவர்கள் எழுந்திருக்கக் கூடாது. பெரியம்மைக்குக் கதையில் பாதி மறந்துபோயிருந்தது. மறந்த இடம் வரும்போதெல்லாம் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மூன்றாவது தடவை ஆரம்பித்தபோது நான் மெதுவாக நழுவி அடுக்களை வழியாகப் புறவாசலுக்கு வந்தேன்.

வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் வீட்டு மருமகன் புறவாசல் வழியாக வந்து நான் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டியும் தோளில் நேரியலுமாக முன்வாசலில்தான் வருவார். பந்தி போட்டால் எல்லாவற்றிலும் ஒரு விரல் தொட்டுவிட்டு, பாதி இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்துவிடுவார். அம்மா அதற்காகவே அவருக்குப் பயப்படுவாள். அன்று அவர் காலில் முழங்கால்வரை புழுதி இருந்தது. பஸ்ஸில் வருகிறவருக்கு இவ்வளவு புழுதி எப்படி ஒட்டியது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

“முன்வாசல் அடைச்சிருக்கே மக்கா. ஆளு இல்லியா?”

“எல்லாரும் உள்ள இருக்காவ, மாமா.”

“சரி. கொஞ்சம் வெள்ளம் தா.”

செம்பில் தண்ணீர் மொண்டேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கு வெறுந்தண்ணீர் கொடுக்கக் கூடாது, ஒரு துண்டு கருப்பட்டியாவது கூட வைக்கவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அதை மறந்து இரண்டு தடவை அடி வாங்கியிருக்கிறேன். கருப்பட்டியோ பூட்டுக்குள். சுற்றிப் பார்த்தேன். அத்தையின் இலையிலிருந்து மூன்று கொழுக்கட்டையை எடுத்தேன். அவளுடைய மாப்பிள்ளைக்கு அவளுடைய பங்கிலிருந்து கொடுப்பதுதான் நியாயம் என்று பட்டது.

மாமா தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொழுக்கட்டையைப் பார்த்தார்.

“இன்னைக்கு செவ்வாயா?”

“ஆமா” என்றேன். சொன்ன பிறகுதான் நான் செய்தது என்ன என்று உறைத்தது. கையைப் பின்னால் இழுப்பதற்குள் அவர் ஒன்றை எடுத்துவிட்டார். ஒருதடவை அடுக்களைக் கதவைப் பார்த்தார். பிறகு தின்றார். மூன்றும் தீர்ந்தது.

“இன்னும் இருக்கா மக்கா?”

பெரியவர் கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியாது. போய் இன்னும் ஆறு எடுத்து வந்தேன். அதையும் தின்றார். அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கொழுக்கட்டையின்போது கண் சிவந்து தண்ணீர் கட்டியது. சரி, பூ விழ ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன்.

“அத்தை சுகமா இருக்காளா?”

“இருக்கா.”

“இருக்கட்டு. நான் வந்தேன்னு சொல்லாண்டாம், என்ன?”

நேரியலால் வாயைத் துடைத்துக்கொண்டு வாய்க்கால் கரைப் பாதையில் போய்விட்டார்.

கதை ஒருவழியாக முடிந்தது. இலையைத் திறந்தவுடன் அடுக்களையில் ஒரே கூச்சல். அத்தையின் இலையில் பன்னிரண்டுதான் இருந்தது. “நோன்புப் பண்டத்துல எவன் கைய வச்சான்?” என்று பெரியம்மை தலையில் அடித்துக்கொண்டாள். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. “நாந்தான் தின்னேன்” என்றேன். பெரியம்மைக்கு உயிர் வந்தது. “பெண்பிள்ளைதானே. தோஷமில்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

நான் ஒரு கடிக்கே துப்பியதைப் பார்த்துச் சிரித்தவள் அத்தைதானே. கை கழுவிவிடுகிற மாதிரி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். படப்புக்குப் பக்கத்தில் செம்பு கிடந்தது.

“யாரு வந்தா?”

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

“எத்தன தின்னாரு?”

“ஒம்பது.”

“உப்பில்லேன்னு சொன்னாரா?”

“ஒண்ணும் சொல்லல்ல.”

“எப்பிடித் தின்னாரு?”

எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. செய்து காட்டினேன். ஒன்று வாயில் இருக்கும்போதே அடுத்ததைக் கையில் எடுத்ததையும், வேட்டியில் சிந்திய பயற்றை விரலால் ஒற்றி எடுத்ததையும் காட்டினேன்.

அத்தை நேராக உள்ளே போனாள். மிச்சமிருந்த பன்னிரண்டையும் இலையோடு சுருட்டி வாழைநாரால் கட்டினாள். மாற்றுப் புடவை இரண்டை மூட்டையாக்கினாள். அம்மா கையைப் பிடித்தாள்.

“நோன்பு முடியல்ல. ஒரு வாய்கூடத் தின்னல்ல. எங்க போற?”

“வீட்டுக்கு, மதினி.”

“ஒங்க அண்ணன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

“அவரு வந்து கூப்பிட்டாருன்னு சொல்லுங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த செம்பைப் பார்த்தாள், அத்தையின் கையை விட்டுவிட்டாள்.

நான் படப்பின்மேல் ஏறிப் பார்த்தேன். மாமா அதிக தூரம் போயிருக்கவில்லை. வாய்க்கால் கரையில் மருதமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அத்தை போய் எதிரில் உட்கார்ந்து இலைக்கட்டைப் பிரித்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள், இன்னொன்றைத் தான் எடுத்துக் கடித்தாள். நோன்புக் கொழுக்கட்டையை, நடுப்பகலில், ஒரு ஆணின் எதிரில். கீழே இறங்கி, பெரியம்மை இந்தப் பக்கம் வந்துவிடாமல் அடுக்களைக் கதவைச் சாத்தினேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். அம்மா சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. ஏழு மாதமாகச் சுமந்துகொண்டிருந்ததை இறக்கி வைத்தவர் மாதிரி கால்நீட்டி உட்கார்ந்தார்.

“வந்தாருல்லா? வந்து கூப்பிட்டாருல்லா? அது போதும். சாப்பிட்டாரா?”

அம்மா என்னைப் பார்த்தாள்.

“வெள்ளம் குடிச்சாரு” என்றேன். அது பொய் இல்லை.

“நம்ம வீட்டுல கை நனைக்காமப் போயிருக்காரு பாரு. வீம்பு இன்னும் குறையல்ல” என்றார் அப்பா. வீட்டு மருமகனின் வீம்பில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மாமாவின் கடை மார்கழி மாதத்திலிருந்தே பூட்டிக் கிடந்தது என்றும், அங்கே இரண்டாவதாக ஒருத்தியும் இல்லை, ஒருத்திக்கே அடுப்பு மூட்ட வழியில்லாமல்தான் அத்தையைக் கொண்டுவந்து விட்டார் என்றும் பல வருடம் கழித்து அம்மா சொன்னாள். அன்று ராத்திரி எனக்கு அது ஒன்றும் தெரியாது. பாயில் படுத்துக்கொண்டு அத்தையை நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை தின்றார் என்று கேட்டாள், சரி. அது அவளுடைய பங்கு, கணக்குக் கேட்பாள். எப்படித் தின்றார் என்று எதற்குக் கேட்டாள்? கொழுக்கட்டையை எல்லாரும் ஒரே மாதிரிதானே தின்பார்கள் என்று யோசித்தபடியே உறங்கிப்போனேன்.