மாமா குடித்த சீனக் குடிநீர்

பன்றிக் காய்ச்சல் வந்த அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் இருமக் கூடாது. சட்டம் போட்டவர் மாமா. அம்மாவின் தம்பி. ரூ பஜோல் தெருவில் இருந்த எங்கள் இரண்டறை வீட்டின் முன்னறையில் படுத்தெழும்பி, ஒரு சீன உணவகத்துக்குக் கோப்பை கழுவப் போய்வந்தார். ஆறடி மனிதர், ஆனால் யாராவது தும்மினால் யன்னலைத் திறந்துவிட்டு வாசல்வரை ஓடுவார். எட்டு வயதிலேயே நான் அவரை மகா பயந்தாங்கொள்ளி என்று முடிவுகட்டியிருந்தேன்.

அவருக்கு விசா இல்லை. ஒரு வருடம் விடாமல் வேலை செய்த சம்பளத் துண்டுகளைக் காட்டினால் கிடைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். காய்ச்சலில் படுத்துவிட்டால் கோப்பை கழுவும் அந்தத் தொட்டியடியில் அடுத்த நாள் வேறொருவர் நிற்பார். இதெல்லாம் பெரியவர்கள் சமையலறையில் மெல்லப் பேசிக்கொண்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

உணவகத்தின் சீனச் சமையற்காரர்தான் மாமாவுக்கு அந்த மருந்துக் குடிநீரைப் பழக்கிவிட்டவர். வருத்தம் வந்தபின் குடிப்பதல்ல, வராமல் இருக்கக் குடிப்பது. சீனக் கடைகள் நிறைந்த பெல்வில் பகுதியிலிருந்து வந்த முதல் பொட்டலத்தை அம்மா பேப்பரில் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் கிளறினார்.

"தம்பி, பூச்சி கீச்சி ஒண்டும் இல்லைத்தானே? வெள்ளிக்கிழமையும் நான் இந்த அடுப்பிலைதான் சமைக்கவேணும்."

"எல்லாம் வேரும் பட்டையும்தான் அக்கா."

மெல்லியதாய்ச் சீவிய மஞ்சள் வேர், உலர்ந்த சின்னச் சிவப்புப் பழங்கள், பெயர் தெரியாத ஒரு பட்டை. அதிமதுரத்தைக் கண்டதும் மட்டும் அம்மாவின் முகம் மலர்ந்தது, ரயிலில் ஊர்க்காரரைக் கண்டதுபோல். பழைய சட்டி ஒன்றை அதற்கென்று ஒதுக்கி, மூன்று கோப்பைத் தண்ணீர் ஒன்றாய் வற்றும்வரை தானே பக்கத்தில் நின்றார். எங்கள் கொத்தமல்லிக் குடிநீரும் இப்படித்தானே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். நாங்கள் தும்மினால் தனக்குத் தொற்றிவிடும் என்று மாமா எங்களையும் குடிக்கவைத்தார். நான் மூக்கைப் பிடித்து விழுங்கிவிட்டு அவரை முறைப்பேன். அவர் சிரிப்பார்.

தை மாதத் திங்கள் ஒன்றில் பள்ளியில் பிரெஞ்சுத் திக்தே வைத்தார்கள். ஆசிரியை வாசிக்க வாசிக்கப் பிழையில்லாமல் எழுதவேண்டும். நானோ ஒன்றும் படிக்கவில்லை. ஆகவே காலையில் எழுந்து இருமினேன். என் திறமையில் எனக்கே பெருமையாக இருந்தது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இன்று பள்ளிக்கூடம் வேண்டாம் என்றார். மாமா முகம் வெளிறி, தலையணையையும் மருந்துப் பொட்டலத்தையும் பைக்குள் திணித்தார்.

"அக்கா, நான் ஆர்ஜொந்தெயிலை இருக்கிற சிநேகிதன் வீட்டை போறன். பிள்ளைக்குச் சுகம் வந்தாப்பிறகு வாறன்."

வாசலில் நின்று எனக்குக் கையசைத்தார். கிட்ட வரவில்லை. தேர்த் திருவிழாவில் என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்த மாமா, ஒரு இருமலுக்காக என்னை விட்டு ஓடுகிறார்! போர்வைக்குள் கிடந்து அழுதேன். பொய்யென்று சொல்லவும் வாய் வரவில்லை. பத்து நாட்கள் அவர் நண்பர் வீட்டுத் தரையில் படுத்து, விடியமுன் ரயிலேறி வேலைக்குப் போனாராம். திரும்பி வந்தபோது சொக்லேட் கொண்டுவந்தார். நானும் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டேன்.

வைகாசியில் ஒருநாள் மாமா சின்ன விசா அட்டை ஒன்றோடு வந்தார். அம்மா அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து அழுதார். அடுத்த நாளே மாமாவுக்குக் காய்ச்சல். வெளியே நல்ல வெயில். அவர் மூக்கு ஒழுக, ஒரு கிழமை முழுக்கப் போர்த்துக்கொண்டு படுத்தார். முகத்தில் மட்டும் கல்யாண மாப்பிள்ளைக் களை. இவ்வளவு கசப்பைக் குடித்த மனிதருக்கு இந்தக் கதி என்று எனக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம்.

"மாமா, அந்தச் சீன மருந்து வேலை செய்யேல்லையோ?"

"அது தன்ரை வேலையைச் செய்து முடிச்சிட்டுது பிள்ளை" என்று சொல்லிவிட்டு, ஆனந்தமாக இருமினார்.

மருந்து தோற்றதை ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறார், பாவம் என்று நினைத்து, மேற்கொண்டு கேட்காமல் விட்டேன்.