தண்டனைக் கூண்டின் கதவு

அடுத்த அறையில் மட்டைகள் தரையை இடித்தன. எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணியான ஓநாய்கள், ஆட்டத்துக்கு முன் தங்களை உசுப்பேற்றிக்கொள்ளும் சத்தம். சுவருக்கு இந்தப் பக்கம் ஐலா அக்கா நிதானமாகத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். எதிரணிப் பையன்களுக்கான துண்டுகள்.

பகலில் அவருக்கு ரொட்டிக்கடை. ஆட்டமுள்ள மாலைகளில், விதியை மீறிய எதிரணிக்காரர்கள் இரண்டு நிமிடம் அடைபடும் கண்ணாடிக் கூண்டுக்குக் காவல். நேரம் முடிந்ததும் கதவைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் உள்ளே வருகிறவன் எப்பேர்ப்பட்ட முரடனானாலும் அக்காவிடம் ஒரு துண்டு ஏலக்காய் ரொட்டியும் ஒரு கேள்வியும் உண்டு. "ஏம்ப்பா, இதை உங்கம்மா பாத்தா என்ன நினைப்பாங்க?" ஆறடி ஆள் ஒருவன் விசும்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

செம்புச் சுரங்கம் மூடியபின் எங்களுக்கென்று இருந்த ஒரே கொண்டாட்டம் ஓநாய்கள்தான். அந்த அணி வாழ்ந்ததே மொத்தம் இரண்டு பனிக்காலம்தான். அக்காவின் கணவர் ஆர்வோ அணியின் பஸ்ஸை ஓட்டினார். அன்றைய ஆட்டத்தில் ஜெயித்தாக வேண்டும். இல்லையென்றால் அணியைக் கலைத்துவிடுவதாக அதன் முதலாளி சொல்லியிருந்தார்.

எங்களுக்கு ஒரு கோல் முன்னிலை. ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லை. கூண்டில் முன்பல் இல்லாத ஒரு சிவப்புச் சட்டைக்காரன், வாய் நிறைய ரொட்டியோடு. அவன் வெளியேறும் நேரம் நெருங்கிவிட்டது. பின்வரிசையிலிருந்து ஆர்வோ எக்கிக் கத்தினார்.

"அடியே ஐலா! கொஞ்சம் மெதுவாத் திற! தாழ்ப்பா மாட்டிக்கிச்சுன்னு சொல்லிக்கலாம்!"

"எப்படி மாட்டும்? காலையிலதான் எண்ணெய் போட்டேன்."

"ரொட்டியில தூக்க மாத்திரை போட்டிருக்கலாம்லக்கா!" இது கறிக்கடைக்காரர்.

யாரும் சிரிக்கவில்லை. ஆர்வோவின் குரல் உடைந்தது. "என் பஸ்ஸு நின்னுடும்டி!"

"தெரியும்யா."

அக்கா தாழ்ப்பாளில் கை வைத்தார். கடிகாரத்தை விட்டு நகராத கண்கள் நிறைந்து வழிந்தன. நேரம் முடிந்த அதே நொடியில் கதவைத் திறந்தார்.

"போப்பா."

அவன் பனித்தளத்தில் பாய்ந்தான். எங்கிருந்தோ வழுக்கி வந்த ரப்பர் வட்டு அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டது. எதிரே எங்கள் கோல்கீப்பரைத் தவிர ஒருவருமில்லை. அரங்கமே எழுந்து நின்றது.

அக்கா பார்க்கவில்லை. திரும்பி, கதவை இழுத்துச் சாத்தித் தாழிட்டார்.