மூச்சு விடும் சீசா

எங்கள் வீட்டுச் சமையலறையில் மேல்தட்டில், யாருக்கும் கை எட்டாத இடத்தில், ஒரு தேன் சீசா இருக்கிறது. கறுத்த தேன். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் செம்மை தெரியும். அதை நாங்கள் யாரும் சாப்பிடுவதில்லை. ஆனால் வாரம் ஒருமுறை நான் ஸ்டூல் போட்டு ஏறி அதன் மூடியைத் திறந்துவிடுகிறேன். ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வரும், நெடுநேரம் அடக்கிவைத்திருந்த மூச்சை யாரோ விடுவதுபோல. உடனே மூடிவிட்டு இறங்கிவிடுவேன். காய்ச்சாத பச்சைத் தேனில் ஈரம் அதிகமிருந்தால் புளிக்கும், வாயு சேரும், திறந்துவிடாவிட்டால் சீசாவே வெடிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஐம்பதைத் தாண்டியவன், நாலு புத்தகம் படித்தவன், எதற்கும் ஒரு விளக்கத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறவன். இருந்தாலும் உச்சிவேளையில் மட்டும் அதைத் திறப்பதில்லை. அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறேன், அது கொஞ்சம் பலவீனமானது.

அந்தச் சீசாவைக் கொடுத்தவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். உறவெல்லாம் இல்லை. பள்ளிகொண்டாவைத் தாண்டி பாலாற்றங்கரையில் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. தென்னை, முருங்கை, ஓரமாகப் புங்கமரங்கள், அவற்றின் நிழலில் ஆறு தேனீப் பெட்டிகள். நான் சத்துவாச்சாரியில் குடியிருந்துகொண்டு ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன். போகிற வழியில்தான் அந்த நிலம். அக்காவின் வீட்டுக்காரர் ஆற்றுக்கு அக்கரையில் தோல் பதனிடுகிற டேனரியில் டிரம் மேஸ்திரி. தோலையும் பட்டைச் சாற்றையும் உள்ளே போட்டுச் சுழற்றுகிற, ஒரு அறை அளவுக்குப் பெரிய மர டிரம் அவர் பொறுப்பில் இருந்தது. எங்கள் கம்பெனிக்குத் தோல் பார்க்க நான் அங்கே போவேன். பேசிக்கொண்டே நடக்கும்போது மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல அந்த டிரம்மை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். வீட்டில் தேன் இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். இப்படி ஆரம்பித்த வாடிக்கை.

அக்காவிடம் தேன் வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. வேலியருகே நின்று பெல்ட்டையும் ஷூவையும் கழற்ற வேண்டும். “தோல் நாத்தம் அதுங்களுக்கு ஆவாது தம்பி. மாட்டப் பாத்தா மெரளும்” என்பார். பெல்ட்டை முருங்கைக் கிளையில் மாட்டிவிட்டு, ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் சீசாவோடு வெறுங்காலில் நான் திரும்பி வருகிற காட்சியை அவர் அலுக்காமல் ரசித்தார். “இந்தக் கோலத்துலதான் வெளிநாட்டுக்காரன்கிட்ட ஷூ விக்கிறியா?” என்று ஒருமுறை கேட்டார். அவர் கையில் எப்போதும் ஒரு தகர டப்பா இருக்கும். அதில் தேங்காய் மட்டை புகைந்துகொண்டிருக்கும். பெட்டியைத் திறக்குமுன் அந்தப் புகையைத்தான் காட்டுவார். அவர் புடவையே அந்தப் புகையால் நெய்ததுபோல இருக்கும் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கம்பெனியில் ஷூ ஒட்டுகிற சொல்யூஷனையும் ஸ்ப்ரேயையும் இத்தனை வருடம் சுவாசித்ததில் என் மூக்கு இப்போது கண்ணாடியைத் தாங்குவதற்கான ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இனி வாசனை தெரியாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் தொழிலில் இருக்கிறவனுக்கு அதைப் பெரிய நஷ்டம் என்று சொல்ல முடியாது. என்னிடம் எடுத்ததையெல்லாம் கடவுள் என் மனைவிக்குச் சேர்த்துக் கொடுத்திருந்தார். நான் எங்கே போய் வந்தேன், யாரோடு டீ குடித்தேன் என்பதை அவள் வாசலிலேயே சொல்லிவிடுவாள்.

டேனரியை மூடினார்கள். மூடியபின் மேஸ்திரி அதிக நாள் இருக்கவில்லை. ஒரு சித்திரை மாதம், தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். தீட்டு வீட்டுக்காரி காரியம் முடியும்வரை தோட்டத்தில் கால் வைக்கக் கூடாது, பெட்டியைத் தொடக் கூடாது என்று பெரியவர்கள் அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். வெயில் காலம், பூ கிடையாது. சர்க்கரைத் தண்ணீர் வைத்துக் காப்பாற்ற வேண்டிய நேரம். தொட உரிமை உள்ளவர்களுக்குப் பெட்டியைத் திறக்கத் தெரியாது. கருமாதி முடிந்து அக்கா போய்ப் பார்த்தபோது ஐந்து பெட்டிகள் எப்படியோ பிழைத்துக் கிடந்தன. மேஸ்திரி தன் கையால் வைத்த ஆறாவது பெட்டி மட்டும் காலி. செத்த தேனீ ஒன்றுகூட இல்லை. பசி வந்தால் நம்மூர்த் தேனீ கூண்டோடு கிளம்பிவிடும், அது அதன் இயல்பு. நான் இதைச் சொன்னபோது அக்கா தலையாட்டினார். பிறகு, “நான் அதுங்க பக்கமே போவல. அவரு வந்து கூட்டிக்கினு பூட்டாரு” என்றார். மழை வந்து பெல்ட் நனைகிறது என்று சொல்லுகிற குரலில்தான் அதையும் சொன்னார்.

அடுத்த வருடம் வாங்கி வந்த தேனை என் மனைவி ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். முகம் மாறியது. இதில் டேனரி நாற்றம் அடிக்கிறது, ஊறின தோலும் பட்டையும் சேர்ந்த நாற்றம், எங்கே வைத்திருந்தீர்கள் என்று என்னைக் கேட்டாள். வழக்கம்போல என்னைத்தான் சந்தேகித்தாள். நான் முகர்ந்து பார்த்து, தரமான தேன் என்று சான்றிதழ் கொடுத்தேன். மூக்கில்லாதவன் கொடுக்கிற சான்றிதழை வெளிநாட்டு வியாபாரிகள் ஒப்புக்கொள்வார்கள், வீட்டில் செல்லாது. சீசாவை எடுத்துக்கொண்டு போனால், அக்காவின் வாசலில் எனக்கு முன்னமே திரும்பி வந்த சீசாக்கள் வரிசையாக நின்றன. அக்கா ஒன்றைத் திறந்து நெடுநேரம் முகர்ந்துகொண்டிருந்தார். வியாபாரம் போகிறதே என்ற கவலை அவர் முகத்தில் இல்லை.

“இது அவரு சட்ட வாசன தம்பி. ஷிப்டு முட்ச்சி வந்து கொடில மாட்டுவாரே, அது.”

அதன் பிறகு நடந்ததைத் துப்பறிந்தது என்று சொன்னால் எனக்குப் பெருமையாக இருக்கும். உண்மையில் நான் அவர் பின்னால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தேனீக்கள் பெட்டிகளிலிருந்து கிளம்பி ஒரே கோடாக ஆற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அக்கரையில் பூ இல்லை, மூடிக்கிடந்த டேனரிதான் இருந்தது. முதலாளி சென்னையில் இருந்தார். எனக்குப் பழக்கம் என்பதால் போன் போட்டு அனுமதி வாங்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் ஆற்று மணலில் இறங்கி நடந்தோம். காலை வேளையில் போகலாம் என்று சொல்லியிருந்தேன். அக்கா சமைத்து, பெட்டிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பியதில் நாங்கள் போய்ச் சேரும்போது சரியான உச்சிவேளை. எங்கள் நிழல்கள் காலடிக்குள் ஒடுங்கியிருந்தன.

கேட்டில் வாட்ச்மேன் பூட்டைத் திறந்துவிட்டு, அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரவில்லை. கரண்ட் இருக்கிறதா என்று கேட்டேன்.

“கரண்ட் கட் பண்ணி எந்தக் காலம் சார். ஆனா மத்தியானத்துல டிரம் ஓடும். நான் அந்தாண்ட போறதில்ல” என்றார். பிறகு ஆறுதல் சொல்வதுபோல, “அடுத்த வாரம் காயலாங்கடைக்காரன் வர்றான். ஒடச்சி எடுத்துக்கினு போய்டுவான். பேஜாரு தீர்ந்துது.”

அக்கா நின்றுவிட்டார். அடுத்த வாரமா என்று என்னிடம் கேட்டார். நான் ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஷெட்டுக்குள் தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் கம்பிகள் இறங்கியிருந்தன. தோல் ஊறப்போடுகிற குழிகள் காய்ந்து வெடித்துக் கிடந்தன. சத்தம் வாசலிலேயே கேட்டது. தேனீச் சத்தம் என்று முதலில் தோன்றவில்லை. இருபது வருடம் டேனரிகளுக்குப் போய் வந்தவன் நான். அது டிரம் ஓடுகிற சத்தம்தான், தூரத்தில், சரக்கு நிறைந்து, நிதானமாகச் சுழல்கிற சத்தம். ஆனால் டிரம்கள் எல்லாம் அசையாமல் நின்றன. மேஸ்திரியின் டிரம்மில் கதவு பாதி திறந்திருந்தது. அதன் இருட்டுக்குள் தேனீக்கள் போய்வந்துகொண்டிருந்தன. உள்ளே மேல்பலகையிலிருந்து தேனடைகள் வரிசையாகத் தொங்கின, காயப்போட்ட தோல்களைப்போல.

காலியான பெட்டியின் கூட்டம்தான் இங்கே வந்து குடியேறியிருக்கிறது என்று அக்கா அடித்துச் சொன்னார். தேனீக்கு ஆதார் அட்டை கிடையாது, நிரூபிக்க முடியாது. பட்டைச் சாறு ஊறிய மரத்தின் வாசனை இந்தக் கூட்டத்தின் தேனில் இறங்கியிருக்கும், மற்ற பெட்டித் தேனீக்கள் அந்தத் தேனைத் திருடி வந்திருக்கும் என்பதுவரை என் சட்டைப்பை விளக்கம் சரியாகவே வேலை செய்தது. ஆனால் ஆற்றங்கரையில் எத்தனையோ மரப்பொந்துகள் இருக்க, இந்த டிரம்முக்கு ஏன் வந்தன என்ற இடத்தில் பை காலி.

அக்கா புகை டப்பாவைக் கீழே வைத்தார். டிரம்மின் பலகையில் உள்ளங்கையை வைத்து, மேஸ்திரி தட்டுவதுபோலவே ஒரு தட்டு தட்டினார். தணிந்த குரலில் பேசினார்.

“ஷிப்டு முடிஞ்சிபோச்சிங்க. டேனரிய ஒடைக்கப் போறாங்க. எழுந்து வூட்டுக்கு வாங்க.”

உள்ளே ‘உஸ்’ என்று ஒரு சத்தம். பிறகு டிரம் நின்றது. நின்றது என்றுதான் எழுத வருகிறது. அந்த ஷெட்டில் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பெட்டியைத் தட்டினால் நம்மூர்த் தேனீ சீறிவிட்டு அடங்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் என் நினைவில் தட்டியதற்கும் அது அடங்கியதற்கும் நடுவில் அக்காவின் அந்தப் பேச்சு முழுதாக இருக்கிறது. வரிசை எனக்குக் குழம்பியிருக்கலாம்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் காலிப் பெட்டியோடு மறுபடியும் போனோம். அக்கா அடைகளை அறுத்துச் சட்டங்களில் வாழைநாரால் கட்டினார். ராணி இருந்த அடை உள்ளே போனதும் மற்றவை வரிசையில் நின்று நுழைந்தன. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒன்றுகூட எங்களைக் கொட்டவில்லை. அவசரத்தில் நான் பெல்ட்டைக் கழற்ற மறந்திருந்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பெட்டி பழைய இடத்திலேயே, புங்கமரத்தடியில் அமர்ந்தது. டிரம்மை உடைத்துக்கொண்டு போனார்கள். அறுத்த அடைகளில் மிஞ்சிய தேனைப் பிழிந்து அக்கா இந்தச் சீசாவில் எனக்குக் கொடுத்தார். இது விக்கறதுக்கு இல்ல, இறுக்கி மூடிடாத, வாரத்துக்கு ஒருவாட்டி மூச்சு வுட வைய்யி என்றார். பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“எனக்கு ஒண்ணு ஆச்சின்னா காரியம் வரைக்கும் காத்துக்கினு இருக்காத தம்பி. உனக்குத் தீட்டு இல்ல. அன்னிக்கே வந்து அதுங்களப் பாத்துடு.”

போன பங்குனியில் அந்தப் போன் வந்தது. மதியம் போய்ச் சேர்ந்தேன். பாடை கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே, வேலியருகில் நின்று பெல்ட்டையும் ஷூவையும் கழற்றினேன். சாவு வீட்டில் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறவனைப் பார்த்து எல்லோரும் ஒரு கணம் அழுகையை நிறுத்தினார்கள். ரசிக்க வேண்டியவர் மட்டும் கண்ணை மூடியிருந்தார். ஐந்து பெட்டிகளும் இரைந்துகொண்டிருந்தன. சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். ஆறாவதைத் திறந்தேன். காலி. செத்த தேனீ ஒன்றுகூட இல்லை. அடைகளை யாரோ துடைத்து வைத்ததுபோல இருந்தது. முந்தின நாள் சாயங்காலம்கூட அந்தப் பெட்டியருகில்தான் அம்மா உட்கார்ந்திருந்தார், நல்லாதான் இரைந்தது என்று அக்காவின் மகன் சொன்னான். காரியம் முடியும்வரை தினமும் போனேன். மற்ற ஐந்திலிருந்து எதுவும் போகவில்லை.

அந்தப் பெட்டிகளை மகன் பள்ளிகொண்டாவில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டான். நிலத்தில் மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள். இப்போது கடையில் தேன் வாங்குகிறோம். பெல்ட்டோடு போய், பெல்ட்டோடு வருகிறேன். என் மனைவி அதைக் குறை சொல்வதில்லை. மேல்தட்டுச் சீசாவைத்தான் எடுத்தெறியச் சொல்கிறாள், திறக்கும்போதெல்லாம் வீடு டேனரியாகிவிடுகிறதாம்.

நேற்று அவளையும் கூப்பிட்டு ஸ்டூல் அருகே நிறுத்திக்கொண்டு மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ என்றது. என்ன வாசனை தெரிகிறது, நன்றாகப் பார்த்துச் சொல் என்றேன். தோல், பட்டை, அதே நாற்றம்தான், வேறொன்றும் இல்லை என்றாள். மறுபடியும் முகர்ந்து பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, இல்லை என்றாள். அவள் மூக்கு இதுவரை பொய் சொன்னதில்லை. எனக்குத் தோலும் தெரியவில்லை, பட்டையும் தெரியவில்லை. தேங்காய் மட்டைப் புகை மட்டும் தெரிகிறது. பக்கத்தில் யாரோ டப்பாவோடு நிற்பதுபோல, அவ்வளவு கிட்டத்தில்.